அறுவடை இயந்திரம் கழுவும் தொழில்: குதிரைத்திறனை விடக் கணக்கே முக்கியம்

கீரப்பாளையம் வட்டாரத்தில் சம்பா அறுவடை என்றாலே இப்போது இயந்திர அறுவடைதான். தை பிறந்ததும் வெளிமாவட்டங்களிலிருந்து டயர் வண்டியும் பெல்ட் வண்டியும் சிதம்பரம், புவனகிரி சாலைகளில் வரிசையாக வந்து இறங்குகின்றன. ஒரு ஊரில் அறுத்து முடித்ததும் அடுத்த ஊருக்குப் போகின்றன. போகும்போது வாடகைப் பணத்தை மட்டும் கொண்டு போவதில்லை. முந்தைய வயலின் களிமண்ணையும், வைக்கோல் தூசியையும், நெல்மணிகளையும், களை விதைகளையும் சேர்த்தே கொண்டு போகின்றன.

இந்த நிலையில், 'வாட்டர் சர்வீஸ்' எனப்படும் அழுத்தத் தண்ணீரால் கழுவும் தொழிலைத் தொடங்கலாமா என்று யோசிக்கும் கிராமத்து இளைஞர்கள் பெருகி வருகிறார்கள். ஏற்கனவே டிராக்டரும் இருசக்கர வாகனமும் கழுவி வருபவர்கள், அறுவடை இயந்திரங்களையும் கழுவலாமே என்று எண்ணுகிறார்கள். நல்ல எண்ணம்தான். இது ஊருக்குத் தேவையான தொழில். சிறு விவசாயக் குடும்பத்துக்கு ஏற்ற உபதொழிலும் ஆகும். ஆனால் கடன் வாங்கிப் பெரிய பம்பை முதலில் வாங்கிவிட்டு, வேலையைப் பிறகு தேடுவது ஆழம் தெரியாமல் காலை விடுவது போன்றது. இத்தொழிலில் பெரும்பாலும் நஷ்டம் பம்பினால் வருவதல்ல. கணக்குப் போடாததால் வருவது.

கழுவுவது ஏன் அவசியம்?

'மண் ஒட்டினால் என்ன, அடுத்த மழையில் தானாகப் போய்விடும்' என்று சொல்பவர்கள் உண்டு. மண் போய்விடும், அதிலுள்ள விதை போகாது. விழுந்த இடத்தில் முளைக்கும்.

ஒரு வயலில் பி.பி.டி. 5204 அறுத்த இயந்திரம் அப்படியே சி.ஆர். 1009 விதைப்பண்ணையில் இறங்கினால், முதலில் கொட்டும் மூட்டைகளில் இரண்டு ரகமும் கலந்திருக்கும். சந்தைக்குப் போகும் நெல்லுக்கு இது சிறு குறையாகத் தோன்றலாம். விதைக்கு எடுத்து வைக்கும் விவசாயிக்கோ அடுத்த ஆண்டு வயல் முழுவதும் கலப்பு. சான்று விதை உற்பத்தி செய்பவருக்கு, பட்ட பாடு அத்தனையும் வீண்.

களை நெல்லின் தொல்லை இதைவிடப் பெரிது. இளம் பருவத்தில் களை நெல்லையும் பயிர் நெல்லையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். நடவு வயலில் வரிசையும் தேங்கிய நீரும் ஓரளவு உதவும். நேரடி விதைப்பு செய்த வயலில் அந்த உதவியும் இல்லை. களை நெல்லைக் கொல்லும் மருந்து பெரும்பாலும் பயிர் நெல்லையும் கொன்றுவிடும். ஆகவே வயலுக்குள் வர விடாமல் தடுப்பதே சிறந்த வழி. வரும் வழிகளில் முக்கியமானவை இரண்டு: ஒன்று கலப்பு விதை, மற்றொன்று கழுவாத இயந்திரம்.

வெளிநாட்டில் இதற்குச் சட்டமே உண்டு. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்திலிருந்து நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள் வரும் அறுவடை இயந்திரங்கள் சுத்தம் செய்யப்பட்டு, பரிசோதிக்கப்பட்ட பிறகே அனுமதிக்கப்படுகின்றன. காரணம் பார்த்தீனியம் செடி. 1950-களில் புனே அருகே தென்பட்டு இந்தியா முழுவதும் பரவிய அதே பார்த்தீனியம்தான். அங்கே குயின்ஸ்லாந்தில் வேரூன்றியது. அடுத்த மாநிலத்துக்கு இயந்திரங்களோடு போய்விடக் கூடாது என்று எல்லையிலேயே தடுக்கிறார்கள். நம் ஊரில் எல்லைச் சோதனை தேவையில்லை. ஊர் எல்லையில் ஒரு கழுவும் இடமும், கழுவத் தெரிந்த இரண்டு ஆட்களும் இருந்தால் போதும்.

காற்று முதலில், தண்ணீர் பிறகு

டிராக்டர் கழுவிப் பழகியவர்கள் அறுவடை இயந்திரத்தில் செய்யும் முதல் தவறு, வந்ததும் தண்ணீரைப் பீய்ச்சுவது. இயந்திரத்தின் உள்ளே வைக்கோல் தூளும் நெல் தூசியும் நிறைந்திருக்கும். அதில் தண்ணீர் பட்டால் பிசைந்த மாவு போல இறுகி, சல்லடையிலும் மூலைகளிலும் அப்பிக்கொள்ளும். உள்ளே தங்கிய நெல் ஈரத்தில் முளைவிடும். பேரிங்குகளில் நீர் புகுந்து துருப்பிடிக்கும். பிறகு கழுவியவருக்குக் கூலி கிடைக்காது, வசவுதான் கிடைக்கும்.

சரியான முறை இதுதான். அறுவடை முடிந்ததும், இயந்திரம் வயலை விட்டு ஏறும் முன்பே, சில நிமிடங்கள் அதை வெறுமனே ஓட விட வேண்டும். உள்ளே தங்கிய மணிகளில் பெரும்பகுதி அந்த வயலிலேயே விழுந்துவிடும். பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, முன்பக்க வெட்டும் பகுதியைத் தரையில் இறக்கி வைக்க வேண்டும். அதன் பிறகே கதவுகளைத் திறக்கலாம். வெட்டும் தகடுகள், கதிரை உள்ளிழுக்கும் பகுதி, சல்லடை, நெல் ஏற்றும் குழாய்களின் அடிப்பகுதி, தானியத் தொட்டியின் மூலைகள், நெல் கொட்டும் குழாய் ஆகிய இடங்களைப் புளோயர் காற்றால் மேலிருந்து கீழாக ஊத வேண்டும். கதவுகளின் அடியில் தார்ப்பாய் விரித்தால் விழும் மணிகளைக் கூட்டி எடுத்துவிடலாம்.

தண்ணீர் வெளிப்புறத்துக்கும் அடிப்பகுதிக்கும் மட்டுமே. டயர், பெல்ட், உருளைகள், மண் ஒட்டிய அடிச்சட்டம் ஆகியவற்றைக் கழுவலாம். பேரிங், மின்கம்பி இணைப்பு, ஆல்டர்னேட்டர், காற்று வடிகட்டி ஆகியவற்றின் மீது தாரையைக் காட்டக் கூடாது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் அழுத்தத்தில் மடங்கிவிடும். அங்கே காற்றோ மெதுவான தண்ணீரோ போதும். அதையும் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவதும் ஆகாது. கழுவி முடித்ததும் கிரீஸ் வைக்கும் இடங்களில் கிரீஸ் வைத்துக் கொடுத்தால், இயந்திர உரிமையாளர் அடுத்த முறையும் தேடி வருவார்.

நேரம் பார்த்துச் செய்வதும் முக்கியம். இயந்திர உரிமையாளருக்கு ஒவ்வொரு மணி நேரமும் வாடகைப் பணம். பகலில் இரண்டு மணி நேரம் நிறுத்தச் சொன்னால், கழுவும் கூலியை விட அந்த நஷ்டம் அவருக்குப் பெரிது. தை, மாசி மாதங்களில் காலைப் பனி விலகிக் கதிர் உலரும் வரை அறுவடை தொடங்குவதில்லை. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும், தூசி உலர்ந்திருக்கும்போதே காற்றடித்துவிட வேண்டும். மறுநாள் விடியற்காலையில் வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவ வேண்டும். வெயில் ஏறும்போது இயந்திரம் உலர்ந்து அடுத்த ஊருக்குத் தயாராகிவிடும். இந்த ஒழுங்கில் செய்பவரிடம் உரிமையாளர்கள் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

அழுத்தமா, நீரளவா?

கடைக்குப் போனால் விற்பவர் முதலில் சொல்வது அழுத்தக் கணக்கு. '100 கிலோ, 150 கிலோ' என்பார். சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ அழுத்தம் என்பது அதன் பொருள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வரும் என்பதைக் கேட்டால்தான் சொல்வார். வாங்குபவர் கேட்க வேண்டியது இரண்டாவதையே.

மண்ணைத் தள்ளும் விசை அழுத்தத்தால் மட்டும் வருவதல்ல. நீரளவு மாறாமல் இருக்கும்போது அழுத்தத்தை 4 மடங்கு கூட்டினால்தான் தாரையின் விசை 2 மடங்காகும். அழுத்தம் மாறாமல் நீரளவை 2 மடங்காக்கினாலே விசையும் 2 மடங்காகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மருந்தடிக்கப் பயன்படும் எச்.டி.பி. பம்பு ஒன்று 30 கிலோ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் தண்ணீர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கழுவுவதற்கென்றே விற்கும் பம்பு ஒன்று 120 கிலோ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 7.5 லிட்டர் தருகிறது. இரண்டு தாரைகளிலும் உள்ள சக்தி ஒன்றுதான்: சுமார் 1.5 கிலோவாட், அதாவது 2 குதிரைத்திறன். பம்பிலும் பெல்ட்டிலும் ஆகும் இழப்பைச் சேர்த்து 3 குதிரைத்திறன் மோட்டார் வேண்டும். ஆனால் முதல் பம்பின் தாரை இரண்டாவதைப் போல இரு மடங்கு விசையுடன் தள்ளும். கீரப்பாளையத்துக் களிமண் ஒட்டிய கேஜ் வீலுக்கும் பெல்ட்டுக்கும் இதுவே ஏற்றது. 15 நிமிடம் முன்னதாக நனைத்து ஊறவிட்டு அடித்தால் மண் பாளம் பாளமாக விழும்.

அப்படியானால் அதிக அழுத்தப் பம்பு வீணா? இல்லை. முதல் பம்பு மணிக்கு 1,800 லிட்டர் தண்ணீர் குடிக்கும். இரண்டாவது 450 லிட்டரில் முடித்துவிடும். காய்ந்து இறுகிய அழுக்கையும், எண்ணெய்ப் பிசுக்கையும், பாசியையும் அதிக அழுத்தமே பெயர்த்தெடுக்கும். ஆகவே ஆழ்குழாய்க் கிணறு அருகில் உள்ள நிலையான கழுவும் இடத்துக்கு நீரளவு அதிகமுள்ள எச்.டி.பி. பம்பு நல்லது. தொட்டியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்கு அழுத்தம் அதிகமான, நீர் குறைவான பம்பு நல்லது. 1,000 லிட்டர் தண்ணீரின் எடை 1 டன் என்பதை மறக்கக் கூடாது. வண்டி தாங்குமா என்று பார்த்த பிறகே தொட்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

மருந்தடிக்கும் எச்.டி.பி. பம்பு ஏற்கனவே வீட்டில் இருந்தால், அதிலேயே ஒரு பருவம் தொழிலைத் தொடங்கிப் பார்க்கலாம். மருந்து தங்காதபடி தொட்டியையும் ஹோஸையும் பலமுறை அலசிவிட வேண்டும். வேலை நிலைத்த பிறகு புதிய பம்பைப் பற்றி யோசிக்கலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று வீட்டு உபயோகச் சிறு இயந்திரத்தை வாங்கித் தொழில் செய்வது மட்டும் வேண்டாம். அவை வாரம் ஒரு முறை கார் கழுவுவதற்குச் செய்யப்பட்டவை. நாள்தோறும் நான்கு மணி நேரம் ஓடத் தாங்காது.

சிறு பொருளில் பெரு நஷ்டம்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் காட்டுவது போல, ஆயிரக்கணக்கில் பம்பு வாங்கிவிட்டு நாசிலை மாற்றாமல் ஓட்டுபவர்கள் உண்டு. நாசிலின் துளை நாளாக நாளாகத் தேயும். துளையின் விட்டம் 10 சதவீதம் பெரிதானால், அதே பம்பில் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வேலை மெதுவாகும், டீசல் கூடும். பம்பு பழுதாகிவிட்டது என்று மெக்கானிக்கிடம் ஓடுவதற்கு முன் நாசிலை மாற்றிப் பார்க்க வேண்டும்.

நாசில்கள் விரிவுக் கோணத்துக்கேற்ப நிறமிடப்பட்டு வருகின்றன. சிவப்பு 0 டிகிரி. ஊசி போலப் பாயும். மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 டிகிரி. கறுப்பு, சோப்பு நீருக்கு. வண்டிகளுக்குப் பச்சையும் வெள்ளையும் போதும். சிவப்பு நாசில் பெயின்டையும் டயரையும் ஹோஸையும் வெட்டிவிடும். பழகாதவர் கையில் கொடுக்கவே கூடாது.

பம்பு தண்ணீரின்றி ஒரு நிமிடம்கூட ஓடக் கூடாது. தொட்டி பம்பை விட உயரத்தில் இருந்து, தண்ணீர் தானாக இறங்குவது நல்லது. உறிஞ்சும் குழாயின் முனையில் வடிகட்டி கட்டாயம். வாய்க்கால் தண்ணீரை நேராக உறிஞ்சினால், அதிலுள்ள மணல் பம்பின் உள்ளே உராய்ந்து சீல்களைத் தின்றுவிடும். கன்னின் விசையை மூடிவிட்டுப் பம்பை ஓடவிட்டால், உள்ளேயே சுற்றும் தண்ணீர் சூடாகிச் சீல்களைக் கெடுக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேலை நின்றால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். பம்பின் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். சீலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. உப்பு நீர் கிடைக்கும் இடங்களில், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரைச் சில நிமிடம் பம்பில் ஓடவிட்டுத் துருவைத் தவிர்க்கலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

விலைகள் கடைக்குக் கடை மாறும். முறையை விளக்க மட்டும் ஒரு கணக்கைப் பார்ப்போம். பம்பு, டீசல் எஞ்சின், ஹோஸ், கன், தொட்டி, புளோயர் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் முதலீடு என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டு உழைக்கும் என்றால் தேய்மானம் ஆண்டுக்கு 12,000 ரூபாய். 12 சதவீத வட்டியில், கடன் குறைந்துகொண்டே வருவதால் சராசரி வட்டி 3,600 ரூபாய். பழுது, நாசில், ஹோஸ், ஆயில் ஆகியவற்றுக்கு 6,400 ரூபாய். ஆகமொத்தம் ஆண்டுக்கு 22,000 ரூபாய். பம்பு மூலையில் கிடந்தாலும் இதில் பெரும்பகுதி செலவாகிக்கொண்டே இருக்கும்.

ஆண்டில் 120 நாள் வேலை கிடைத்தால் இது நாளுக்கு 183 ரூபாய். 40 நாள் மட்டும் கிடைத்தால் நாளுக்கு 550 ரூபாய்.

இனி அன்றாடச் செலவு. இரண்டு பேர் கூலி 1,200 ரூபாய். சொந்த உழைப்பானாலும் கூலியைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். டீசல் 4 லிட்டர், லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் 380 ரூபாய். போக்குவரத்து, கிரீஸ், சோப்பு 220 ரூபாய். மொத்தம் 1,800 ரூபாய். ஆகவே 120 நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாள் அடக்கம் 1,983 ரூபாய். 40 நாள் செய்பவருக்கு 2,350 ரூபாய்.

120 நாள் செய்பவர் ஒரு நாளில் 4 வண்டி கழுவினால் வண்டிக்கு அடக்கம் ஏறக்குறைய 500 ரூபாய். 2 வண்டி மட்டும் கழுவினால் 1,000 ரூபாய். 40 நாள் செய்பவருக்கு 4 வண்டி என்றால் வண்டிக்கு 590 ரூபாய். 2 வண்டி என்றால் 1,175 ரூபாய்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலை நாட்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தபோது, 4 வண்டி கழுவுபவருக்கு அடக்கம் வண்டிக்கு 90 ரூபாய்தான் கூடியது. ஒரு நாளில் கழுவும் வண்டிகள் பாதியானபோதோ 500 ரூபாய் கூடியது. ஆக, லாபத்தைத் தீர்மானிப்பது பம்பின் விலையும் அல்ல, குதிரைத்திறனும் அல்ல. ஒரே நாளில், ஒரே இடத்தில், எத்தனை வண்டி சேர்கிறது என்பதே. ஒரு வண்டிக்காக 10 கிலோமீட்டர் போய் வருபவர் பாதி நாளைச் சாலையில் இழக்கிறார். போட்டிக்காக 300 ரூபாய்க்குக் கழுவித் தருவதாக ஒப்புக்கொள்பவர், ஒவ்வொரு வண்டியிலும் தன் கூலியையும் பம்பின் தேய்மானத்தையும் இனாமாகக் கொடுக்கிறார். ஐந்தாம் ஆண்டு முடிவில் பம்பு தேய்ந்திருக்கும். புதிது வாங்கக் கையில் பணம் இருக்காது.

கூலியை யார் கொடுப்பது?

இதுதான் சிக்கலான கேள்வி. இயந்திர உரிமையாளர் 'எனக்கென்ன லாபம்' என்கிறார். விவசாயி 'வாடகையே அதிகம், இதற்கு வேறு பணமா' என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் கழுவாமல் விட்டால் நஷ்டம் இயந்திர உரிமையாளருக்கு அல்ல. அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். களை நெல்லோடு ஆண்டுதோறும் போராடப் போவது விவசாயிதான். ஆகவே முன்கை எடுக்க வேண்டியவரும் அவரே.

தனி ஒரு விவசாயி கேட்டால் நடக்காது. ஊர் சேர்ந்து கேட்டால் நடக்கும். ஓர் இயந்திரம் ஓர் ஊரில் 40 ஏக்கர் அறுக்கிறது; அதைக் கழுவ 1,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 25 ரூபாய்தான். அடுத்த போகத்தில் களையெடுக்கும் ஓர் ஆளின் ஒரு நாள் கூலியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. வாடகை பேசும்போதே, 'கழுவிய வண்டிதான் ஊருக்குள் இறங்க வேண்டும்' என்ற நிபந்தனையையும் இந்த 25 ரூபாயையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும்.

இதற்குப் புதிதாகச் சங்கம் தேவையில்லை. 2017-18-ல் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 விவசாயிகள் கொண்ட உற்பத்தியாளர் குழுக்களுக்குக் கருவிகள் வாங்கத் தலா 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. அத்தகைய குழு உள்ள ஊர்களில், கழுவும் வேலையை அக்குழுவே ஊரின் இரண்டு இளைஞர்களிடம் பருவ ஒப்பந்தமாக ஒப்படைக்கலாம். இளைஞர்களுக்கு வேலை உறுதி. ஒரே இடத்தில் வண்டிகளும் சேரும். மேலே கண்ட கணக்கு தேறுவதற்கு இதுவே வழி.

அறுவடை முடிந்த பிறகு

அறுவடையை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆனால் ஆண்டு முழுவதும் வேலை சிதறிக் கிடக்கிறது. பொங்கலுக்கு முன்னும் ஆயுத பூஜைக்கு முன்னும் டிராக்டர், பவர் டில்லர், லாரி எதுவும் கழுவாமல் இருக்காது. சேற்றுழவு முடிந்ததும் கேஜ் வீல்கள் வரும். கோடையில் நெல் களங்கள், மாட்டுக் கொட்டகைகள், கோழிப் பண்ணைகள், பாசி பிடித்த மாடிகள் உண்டு. சூரிய மின் பம்புகளின் தகடுகளைத் துடைக்கும் வேலையும் வரலாம். அங்கே அழுத்தம் கூடவே கூடாது. மெதுவான நல்ல தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

ஒரு வேலையை மட்டும் எவ்வளவு பணம் தந்தாலும் ஏற்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்கிக் கழுவுவது உயிரைக் குடிக்கும் வேலை. 2013-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. 'பம்பு இருக்கிறதே, சற்று இறங்கி அடித்துவிடு' என்று யார் கேட்டாலும் மறுத்துவிட வேண்டும்.

மின்சாரமும் கழிவு நீரும்

வயலில் உள்ள இலவச மின் இணைப்பில் மோட்டாரைப் போட்டுக் கழுவும் தொழில் செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பாசனத்துக்காகக் கொடுக்கப்பட்ட இணைப்பு. வேறு வேலைக்குப் பயன்படுத்தினால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின் கீழ் உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு வசூலிக்கப்படும். ஆகவே தொழிலுக்கென்று தனி இணைப்பு வாங்க வேண்டும். இல்லையேல் டீசல் எஞ்சினில் ஓட்ட வேண்டும். ஈரத் தரையில் மின்மோட்டார் ஓடும் இடத்தில் எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் கட்டாயம். எஞ்சினை மூடிய கொட்டகைக்குள் ஓட்டக் கூடாது. அதன் புகை ஆளை மயக்கிக் கொல்லும்.

கழுவிய தண்ணீரில் மண்ணும் ஆயிலும் விதையும் இருக்கும். அதை வாய்க்காலில் விட்டால் ஊர் முழுவதற்கும் களையை விநியோகித்தது போலாகும். சற்றுச் சரிவான மேட்டு நிலத்தில் கழுவி, நீரை ஒரு குழியில் தேக்கி மண்ணைப் படியவிட வேண்டும். கழுவும் இடத்தை அடிக்கடி மாற்றவும் கூடாது. ஒரே இடமானால், மழைக்குப் பின் அங்கு முளைப்பதைப் பூக்கும் முன் அழித்துவிடலாம்.

தண்ணீர்தானே என்ற அலட்சியமும் வேண்டாம். அதிக அழுத்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளியே ஊசி குத்தியது போலச் சிறு புள்ளிதான் தெரியும்; உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருக்காமல், உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், அழுத்தத் தண்ணீர் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும். முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, காற்றடிக்கும்போது முகமூடி ஆகியவை இல்லாமல் கன்னைக் கையில் எடுக்கக் கூடாது. கன்னை ஆளை நோக்கியோ மாட்டை நோக்கியோ விளையாட்டுக்கும் காட்டக் கூடாது.

முதலில் நோட்டுப் புத்தகம்

கடன் கிடைக்கிறது என்பதற்காகப் பம்பு வாங்குவதை விட, வேலை இருக்கிறது என்பதற்காகக் கடன் வாங்குவதே அறிவுடைமை. மாவட்டத் தொழில் மையத்திலும் வங்கியிலும் சுயதொழில் கடன் திட்டங்கள் உண்டு. மானிய விதிகள் அவ்வப்போது மாறுவதால் நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது. போகும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு போக வேண்டும். தம் ஊரிலிருந்து 5 கிலோமீட்டர் சுற்றளவில் எத்தனை டிராக்டர், பவர் டில்லர் உள்ளன? சம்பா அறுவடையில் எத்தனை இயந்திரங்கள், எத்தனை நாள் தங்குகின்றன? கழுவக் கூலி தருவதாக உறுதி சொன்னவர்கள் எத்தனை பேர்?

இந்த மூன்று எண்ணிக்கையும் 100 நாள் வேலைக்குத் தேறினால் துணிந்து இறங்கலாம். 40 நாளுக்கே தேறுமானால், இருவர் மூவர் சேர்ந்து ஒரே பம்பை வாங்குவதோ, வீட்டில் உள்ள மருந்தடிக்கும் பம்பிலேயே தொடர்வதோ நல்லது. அதற்கும் குறைவானால் இந்த ஆண்டு பொறுத்திருப்பதே லாபம்.

வீராணம் ஏரித் தண்ணீரை நம்பிச் சம்பா செய்யும் கீரப்பாளையம் விவசாயி, ஆண்டு முழுவதும் பாடுபட்டுக் களையெடுத்த வயலில், வாடகை இயந்திரம் ஒரே மணி நேரத்தில் புதிய களையை விதைத்துவிட்டுப் போவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதைத் தடுக்கும் வேலை ஊர்ப் பிள்ளைகள் இருவருக்குப் பிழைப்பாகவும் ஆகும். அடுத்த தை மாதம் இயந்திரம் பேசும்போது, மணிக்கு எவ்வளவு வாடகை என்று கேட்பதற்கு முன் 'வண்டி கழுவியதா?' என்று ஒவ்வொரு விவசாயியும் கேட்க வேண்டும்.